இழந்த நீரை அறியும் வழி

மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றை விட்டால், ஆறென்று சொல்ல ஒன்றுமில்லாத நாடு நம் யாழ்ப்பாணக் குடாநாடு. சுண்ணக்கல்லினுள்ளே தங்கும் மழைநீரே நம் கிணறுகளுக்கு ஊற்று. அக்கல்லின் வெடிப்புக்களூடே மழைநீர் இறங்குவது போலவே மாசும் இறங்கிவிடும். ஆதலால் வயிற்றோட்டமும் வாந்திபேதியும் நம் முன்னோர் நன்கறிந்த பகைகளாயின.

1847ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் இங்கு வந்தார். மறு ஆண்டு மானிப்பாயில் அமர்ந்தார். அறுபதுக்கு மேற்பட்ட நம்மவரை வைத்தியராக்கியவர் அவர். 1864 முதல் அக்கல்வியைத் தமிழிலேயே புகட்டினார். விஞ்ஞானத்தைத் தமிழிற் கற்பித்தல் கூடுமோ என்று ஐயுறுவோர் இன்றும் நம்மிடையே உளர். அவர்கட்கு மானிப்பாய் நெடுநாளைக்கு முன்பே விடையளித்துவிட்டது.

ஆயினும் வாந்திபேதியின் முன் அக்கால மேனாட்டு வைத்தியம் பெரிதும் கைகட்டியே நின்றது. அபினும் இரசக் கலவையும் கொடுத்தனர், இரத்தம் வாங்கினர், தாகத்தால் துடிப்பவனுக்கு நீரை மறுத்தோரும் பலர். குடித்தால் போக்கு மிகும் என்பது அவர்கள் எண்ணம். பேதியாகும் குழந்தைக்குத் தண்ணீர் காட்டாத வழக்கம் நம் வீடுகளிலும் இருந்ததன்றோ? கொன்றது நோய் பாதி, வறட்சி பாதி.

வியப்பு யாதெனில், உண்மை அதற்கு முன்னரே வெளிப்பட்டிருந்தது. வில்லியம் ஓஷானஸி என்னும் ஐரிஷ் இளைஞர், நோயாளரின் இரத்தம் நீரையும் உப்பையும் இழந்து தடித்துப்போவதை 1831-32ஆம் ஆண்டுகளிற் கண்டுரைத்தார். 1832இல் ஸ்கொத்லாந்தின் லீத் நகர வைத்தியர் தொமஸ் லற்றா உப்புநீரை நரம்பின் வழியே செலுத்தி, சாகும் தறுவாயிலிருந்த சிலரை எழுப்பினார். ஆனால் கிருமியின் இயல்பு அன்று அறியப்படவில்லை. மரணத்தின் வாயிலில் கிடந்தோருக்கே அம்முறை கையாளப்பட்டது. பலர் இறந்தனர், லற்றாவும் 1833இல் மறைந்தார், அம்முறையும் மறக்கப்பட்டது. கல்கத்தாவில் லெனாட் றொஜர்ஸ் அதனை மீட்டெடுக்க இருபதாம் நூற்றாண்டு பிறக்கவேண்டியிருந்தது. கிறீன் யாழ்ப்பாணத்திற் கால்வைத்தபோது அவ்வுண்மை அச்சேறிப் பதினைந்து ஆண்டுகள் கழிந்திருந்தன என்பதை நினைக்குந்தோறும் நெஞ்சு கனக்கின்றது.

1971இல் வங்கத்து எல்லையிலே, பொங்காவ் அகதி முகாமில், வாந்திபேதி பரவி ஊசிவழி ஏற்றும் நீர் தீர்ந்துபோயிற்று. வைத்தியர் திலீப் மஹலநோபிஸ் உப்பு, குளுக்கோசு, சோடா உப்பு ஆகியவற்றை நீரிற் கரைத்து, உறவினர் கையாலேயே நோயாளருக்கு ஊட்டச் செய்தார். நூற்றுக்கு முப்பதாயிருந்த சாவு நான்குக்குங் கீழே இறங்கியது. குளுக்கோசு உடன் சென்றால் குடல் உப்பையும் நீரையும் ஏற்றுக்கொள்ளும் என்பதே இதன் நுட்பம். நம் நாட்டில் ‘ஜீவனி’ என்று நாம் வாங்கும் பொட்டலம் அந்தக் கரைசலின் வழிவந்ததே.

மருந்து கிடைத்தது, அளவு எங்ஙனம் அறிவது? குறைவாக இழந்த குழந்தைக்கு வாய்வழி நீர் போதும். மிகுதியாக இழந்த குழந்தைக்கு ஊசிவழி உடனே வேண்டும். நோய்க்கு முன்னிருந்த நிறை தெரிந்தால் கணக்கு எளிது. ஆனால் அதனை எழுதி வைத்திருக்கும் தாய் எத்தனை பேர்? இதற்கெனச் சிலர் மீயொலி ஸ்கானை நாடினர். வயிற்றினுள்ளே இதயத்துக்கு இரத்தத்தை மீட்டுச் செல்லும் பெருநாளம், உடலில் நீர் குறைந்தால் சுருங்கும். அருகிலுள்ள பெருநாடி அத்துணை சுருங்காது. இரண்டின் அகலத்தையும் ஒப்பிட்டால் இழப்புத் தெரியும் என்பது எண்ணம்.

எண்ணம் அழகியது. டாக்காவில் வயிற்றோட்டத்தால் வருந்திய 850 குழந்தைகளிடம் இதனைச் சோதித்து, 2016இல் முடிபை வெளியிட்டனர்: ஸ்கான் நம்பத்தக்க அளவுகோலாக அமையவில்லை. அதே குழுவினர் குழந்தையின் தோற்றம், மூச்சு, கண்ணீர், கிள்ளிய தோல் என்னும் நான்கனை மட்டும் வைத்து அமைத்த மதிப்பீடோ நன்கு பயன்பட்டது. கருவியை இகழ்வது என் நோக்கமன்று. பிற நோய்களில் அதன் பயன் பெரிது. இந்நோயிலே கண்ணும் கையும் முந்திக்கொண்டன.

குழந்தையின் வயிற்றுத் தோலை மெல்லக் கிள்ளி விடுங்கள். அது பழைய நிலைக்கு மீள இரண்டு விநாடிக்கு மேலாயின், குழந்தையும் சோர்ந்து கிடப்பின், இயன்றவரை கரைசலை ஊட்டிக்கொண்டே, தாமதியாது வைத்தியசாலைக்கு எடுத்துச் செல்லுங்கள்.