காட்டுப் புதர் ஒன்று ‘புதிய இனம்’ ஆவது எப்படி? கண்டறிதல் முதல் பெயர் சூட்டல் வரை ஒரு விளக்கம்

வெப்பமண்டலக் காடுகளில் புதிய தாவர இனம் கண்டறியப்பட்டதாக ஆண்டுதோறும் பல செய்திகள் வெளியாகின்றன. இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் கணக்கின்படி, 2022-ஆம் ஆண்டில் மட்டும் 339 தாவரங்கள் நாட்டின் தாவரப் பட்டியலில் புதிதாகச் சேர்ந்தன. அவற்றுள் 186 தாவரங்கள் உலக அறிவியலுக்கே புதியவை. எஞ்சிய 153 தாவரங்கள் பிற நாடுகளில் முன்பே அறியப்பட்டு, இந்தியாவில் முதன்முறையாகப் பதிவானவை.

உலக அளவில் ஆண்டுக்குச் சுமார் 2,000 தாவர இனங்கள் புதிதாக விவரிக்கப்படுகின்றன. ஆயினும், ஒரு செடி ஆய்வாளரின் கண்ணில் படுவதற்கும் அதற்கு அறிவியல் பெயர் கிடைப்பதற்கும் இடையே பல ஆண்டுகள், சில வேளைகளில் அரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட காலம் கழிந்துவிடுகிறது. அந்தக் கால இடைவெளியில் நடைபெறும் பணிகள் யாவை, பெயரற்ற செடியைக் காப்பது ஏன் கடினம் என்பதை இத்தொகுப்பு விளக்குகிறது.

மூன்று சொற்கள், மூன்று பொருள்கள்

செய்திகளில் ‘கண்டுபிடிப்பு’ என்ற ஒரே சொல் மூன்று வெவ்வேறு நிகழ்வுகளைக் குறிக்கிறது. இதுவரை எந்த ஆய்வாளரும் விவரித்துப் பெயரிடாத தாவரம் ‘புதிய இனம்’ எனப்படும். வேறு நாட்டிலோ மாநிலத்திலோ அறியப்பட்ட தாவரம் ஓரிடத்தில் முதன்முறையாகக் காணப்பட்டால் அது ‘புதிய பதிவு’. பல ஆண்டுகளாக யாரும் காணாத தாவரம் மீண்டும் தென்பட்டால் அது ‘மறு கண்டுபிடிப்பு’.

மூன்றாவது வகைக்கு ‘காஃபியா ஸ்டெனோஃபில்லா’ என்ற காட்டுக் காபி சிறந்த எடுத்துக்காட்டாகும். 1834-இல் பெயரிடப்பட்ட இந்தச் செடி, மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனில் 1954-க்குப் பின் காணப்படவில்லை. 2018-இல் அந்நாட்டுக் காடுகளில் அது மீண்டும் கண்டறியப்பட்டது. அராபிகா காபியைப் போன்ற சுவை கொண்டிருந்தும், அதைவிட 6 டிகிரி செல்சியசுக்கும் அதிகமான சராசரி வெப்பநிலையில் வளரக்கூடியது என 2021-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது.

காட்டில் தொடங்கும் பணி

இந்தியாவில் வனத்துறையின் அனுமதி பெற்ற பின்னரே காட்டில் தாவர மாதிரி சேகரிக்க இயலும். பூவும் காயும் உள்ள கிளையொன்று வெட்டப்பட்டு, செய்தித்தாள்களுக்கு இடையே வைத்து அழுத்தி உலர்த்தப்படுகிறது. உலர்ந்ததும் நிறமும் மணமும் மறைந்துவிடும் என்பதால், பூவின் நிறம், செடியின் உயரம், பட்டையின் தன்மை ஆகியவை அந்த இடத்திலேயே குறித்துக்கொள்ளப்படுகின்றன. இடத்தின் பெயர், அட்சரேகை, தீர்க்கரேகை, கடல்மட்டத்திலிருந்து உயரம், நாள், சேகரிப்பு எண் ஆகியவையும் பதிவாகின்றன. பூக்களில் சில, வடிவம் கெடாதிருக்கத் திரவத்தில் இடப்படுகின்றன. மரபணுச் சோதனைக்காக இலைத் துண்டு ஒன்று சிலிக்கா ஜெல்லில் உலர்த்தி வைக்கப்படுகிறது.

ஓரிடத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய செடிகளே இருந்தால், முழுச் செடியைப் பிடுங்காமல் சிறு கிளையை மட்டும் எடுப்பது வழக்கம்.

பூவில்லாத மாதிரியைக் கொண்டு ஓர் இனத்தை உறுதிசெய்வது பெரும்பாலும் கடினம். மேற்குத் தொடர்ச்சி மலையின் குறிஞ்சிச் செடிகள் இதற்குச் சான்று. நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கிறது. 2018-இல் அது பூத்தது. அதன் உறவினச் செடிகள் பலவும் நீண்ட இடைவெளியில் ஒருசேரப் பூத்து மடிபவை. இத்தகைய புதரைப் பூவற்ற நிலையில் காணும் ஆய்வாளர், அடுத்த பூப்புக்காகப் பல ஆண்டுகள் காத்திருக்க நேரிடும்.

ஒப்பீடே முதன்மை

கையிலுள்ள செடி புதியதா என்பதை அறிய, அதற்கு நெருக்கமான இனங்கள் அனைத்துடனும் அதை ஒப்பிட வேண்டும். இதற்குப் பயன்படுவது உலர்தாவரத் தொகுப்பகம் எனப்படும் ஹெர்பேரியம். உலகெங்கும் 3,000-க்கும் மேற்பட்ட ஹெர்பேரியங்களில் சுமார் 39 கோடி மாதிரிகள் பாதுகாக்கப்படுகின்றன. இந்தியாவின் மிகப்பெரிய தொகுப்பான மத்திய தேசிய ஹெர்பேரியம், மேற்கு வங்கத்தின் ஹவுராவில் 1787-இல் நிறுவப்பட்ட தாவரவியல் பூங்காவில் அமைந்துள்ளது. அங்கு சுமார் 20 லட்சம் மாதிரிகள் உள்ளன. தென்னிந்தியத் தாவரங்களுக்கான பழைமையான தொகுப்பு கோவையில் உள்ளது.

வெப்பமண்டலப் புதர்களில் இந்த ஒப்பீடு எளிதன்று. காபிக் குடும்பத்தைச் சேர்ந்த ‘சைக்கோட்ரியா’ பேரினத்தில் மட்டும் 1,600-க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. அவற்றுள் பல, பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றுபவை. மேலும், அடர்ந்த நிழலில் வளரும் செடியின் இலை அகன்றும், வெட்டவெளியில் வளரும் அதே இனத்தின் இலை சிறுத்தும் இருக்கக்கூடும். எனவே இலையின் அளவை மட்டும் நம்பாமல், இலைக் காம்புகளுக்கு இடையேயுள்ள செதில், புல்லிவட்டத்தின் பற்கள், அல்லிக் குழலின் நீளம், மகரந்தப்பையின் இடம், விதையின் அமைப்பு எனப் பல கூறுகள் அளக்கப்படுகின்றன. ஒன்றுக்கு மேற்பட்ட கூறுகளில், பல மாதிரிகளில் நிலையான வேறுபாடு தெரிந்தாலே ‘புதிய இனம்’ என்ற முடிவுக்கு வலுச் சேர்கிறது.

மரபணு வரிசை இன்று முக்கியத் துணையாக உள்ளது. ஆப்பிரிக்காவின் கினியாவில், செங்குத்தான மணற்பாறைச் சுவர்களில் வளர்ந்த புதர் ஒன்று எந்தப் பேரினத்திலும் பொருந்தாமல் இருந்தது. உருவ அமைப்பும் மரபணுவும் சேர்த்து ஆராயப்பட்ட பின், ‘கிண்டியா’ என்ற தனிப் பேரினமாகவே அது 2018-இல் அறிவிக்கப்பட்டது. கிண்டியா என்பது அச்செடி காணப்படும் வட்டாரத்தின் பெயர்.

பெயருக்கு ஆதாரமான ஒரே மாதிரி

ஒவ்வொரு தாவரப் பெயரும் ஒரு குறிப்பிட்ட மாதிரியுடன் நிரந்தரமாகப் பிணைக்கப்படுகிறது. இது ஹோலோடைப், அதாவது மூல வகை மாதிரி எனப்படும். அந்தப் பெயர் எதைக் குறிக்கிறது என்ற ஐயம் எழும்போதெல்லாம் ஆய்வாளர்கள் இந்த மாதிரியையே நாடுகின்றனர். 1958 ஜனவரி 1 முதல், மூல வகை குறிப்பிடப்படாத புதிய இனப் பெயர் செல்லாது. 1990 ஜனவரி 1 முதல், அம்மாதிரி வைக்கப்பட்டுள்ள நிறுவனத்தின் பெயரையும் குறிப்பிட வேண்டும்.

இந்தியாவில் இதற்குச் சட்டப் பின்புலமும் உண்டு. 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டத்தின் 39-ஆவது பிரிவு, புதிய உயிரினத்தைக் கண்டறிபவர் அதனை அரசு அறிவித்த காப்பகத்துக்குத் தெரிவித்து, சான்று மாதிரியை அங்கு ஒப்படைக்க வேண்டும் எனக் கூறுகிறது.

மாதிரி கிடைக்காத பழங்காலப் பெயர்களுக்கு ஓவியமே மூல வகையாக ஏற்கப்படுகிறது. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளியான ‘ஹோர்ட்டுஸ் மலபாரிக்குஸ்’ நூலின் கேரளத் தாவர ஓவியங்களைக் கொண்டு லின்னேயஸ் பல பெயர்களைச் சூட்டினார். அந்நூலுக்கு மருத்துவத் தாவர அறிவை வழங்கியவர்களுள் ஒருவர் கேரள வைத்தியர் இட்டி அச்சுதன். அவர் நினைவாக ‘அச்சுதேமியா’ என்ற பேரினப் பெயர் பின்னர் உருவானது.

பெயர் சூட்டும் விதிகள்

பாசிகள், பூஞ்சைகள், தாவரங்களுக்கான பன்னாட்டுப் பெயரிடல் நெறிமுறை இதற்கான விதிகளை வகுத்துள்ளது. பெரும்பாலான தாவரக் குழுக்களுக்கு, லின்னேயஸின் ‘ஸ்பீசிஸ் பிளாண்டாரம்’ வெளியான 1753 தொடக்க ஆண்டாகக் கொள்ளப்படுகிறது. முதலில் முறைப்படி வெளியான பெயருக்கே முன்னுரிமை. ஒரே செடிக்குப் பின்னர் சூட்டப்பட்ட பெயர்கள் இணைப்பெயர்கள் ஆகிவிடும்.

1935 முதல் 2011 வரை புதிய இனத்தின் விளக்கம் லத்தீனில் இருப்பது கட்டாயமாக இருந்தது. 2012 ஜனவரி 1 முதல் ஆங்கிலத்திலும் எழுதலாம். அச்சு இதழின்றி, உரிய பதிவு எண் பெற்ற மின்னிதழில் பிடிஎஃப் வடிவில் வெளியிட்டாலும் போதுமானது. செய்தித்தாளில் வெளியாவது கணக்கில் கொள்ளப்படாது. 1953-க்குப் பின் அறிவியல் சாராத செய்தித்தாள்களில் வெளியிடப்பட்ட பெயர்கள் முறையாக வெளியிடப்பட்டவையாகக் கருதப்படுவதில்லை.

பெயர், செடியின் தன்மையையோ இடத்தையோ மனிதரையோ குறிக்கலாம். பிலிப்பைன்ஸின் லூசான் தீவில் 2014-இல் விவரிக்கப்பட்ட ‘ரினோரியா நிக்கோலிஃபெரா’ என்ற சிறு புதர்மரம், தன் இலைகளில் ஒரு கிராமுக்கு 18,000 மைக்ரோகிராம் வரை நிக்கலைச் சேர்த்து வைக்கிறது. ‘நிக்கலைத் தாங்குவது’ என்பதே பெயரின் பொருள். கேமரூனில் கண்டறியப்பட்ட, காஃபீன் அற்ற காட்டுக் காபியான ‘காஃபியா சாரியேரியானா’ 2008-இல் பிரெஞ்சு ஆய்வாளர் ஆந்த்ரே சாரியேயின் பெயரால் வழங்கப்பட்டது.

வகைப்பாடு ஏன் மாறுகிறது?

பெயர் சூட்டியதுடன் பணி முடிவதில்லை. உறவுமுறை குறித்த புரிதல் மாறும்போது பெயரும் மாறுகிறது. தென்னிந்தியக் காட்டுக் காபிப் புதர் ஒன்றுக்கு வைட், ஆர்னட் ஆகியோர் 1834-இல் ‘காஃபியா திராவன்கோரென்சிஸ்’ எனப் பெயரிட்டனர். காபிப் பூவில் சூல்தண்டும் மகரந்தப்பையும் குழலுக்கு வெளியே நீண்டிருக்கும். இச்செடியிலோ அவை குழலுக்குள் அடங்கியிருக்கும். இவ்வேறுபாட்டின் அடிப்படையில் அது பின்னர் ‘சைலாந்தஸ்’ என்ற பேரினத்துக்கு மாற்றப்பட்டது. மரபணு ஆய்வுகள் இரண்டும் ஒரே கிளையைச் சேர்ந்தவை எனக் காட்டியதால், 2011-இல் சைலாந்தஸ் முழுவதும் காஃபியாவில் இணைக்கப்பட்டது. செடி தன் முதல் பெயருக்கே திரும்பியது.

குறிஞ்சிக்கும் இதே நிலை ஏற்பட்டது. நீலக்குறிஞ்சி முதலில் ‘ஃபிளெபோஃபில்லம்’ என்ற பேரினத்தில் வைக்கப்பட்டது. டச்சு ஆய்வாளர் பிரேமேகாம்ப் 1944-இல் குறிஞ்சிக் குழுவை 50-க்கும் மேற்பட்ட பேரினங்களாகப் பிரித்தார். பிற்கால ஆய்வுகள் அவற்றை மீண்டும் ‘ஸ்ட்ரோபிலாந்தஸ்’ என்ற ஒரே பேரினத்தின்கீழ்க் கொண்டுவந்தன.

பெட்டிக்குள் காத்திருக்கும் இனங்கள்

புதிய இனங்கள் காட்டில் மட்டும் மறைந்திருக்கவில்லை. 2010-இல் வெளியான ஆய்வொன்றின்படி, புதிய இனங்களுள் 16 விழுக்காடு மட்டுமே முதல் மாதிரி சேகரிக்கப்பட்ட ஐந்து ஆண்டுகளுக்குள் விவரிக்கப்பட்டன. ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குக்கு, 50 ஆண்டுகளுக்கும் பழைமையான மாதிரிகள் தேவைப்பட்டன. இன்னும் விவரிக்கப்படாத பூக்கும் தாவரங்கள் சுமார் 70,000 எனவும், அவற்றுள் பாதிக்கும் மேற்பட்டவை ஏற்கெனவே ஹெர்பேரியங்களில் உறங்குகின்றன எனவும் அவ்வாய்வு மதிப்பிட்டது. ஒவ்வொரு குழுவையும் நன்கறிந்த வகைப்பாட்டு வல்லுநர் கிடைக்கும் வரை அவை பெயரின்றியே காத்திருக்கின்றன.

பெயரும் பாதுகாப்பும்

இந்தத் தாமதத்தின் விலை பெரிது. பெயரற்ற தாவரத்தைப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் சேர்ப்பது அரிது. சுற்றுச்சூழல் தாக்க அறிக்கைகளிலும் அது இடம்பெறாமல் போகக்கூடும். இதுவரை விவரிக்கப்படாத தாவர இனங்களுள் நான்கில் மூன்று அழியும் அபாயத்தில் இருக்கக்கூடும் என்று பிரிட்டனின் கியூ தாவரவியல் பூங்கா 2023-இல் மதிப்பிட்டது. பெயர் பெற்ற காபி இனங்களின் நிலையும் ஆறுதல் தருவதாக இல்லை. 124 காட்டுக் காபி இனங்களுள் 75 இனங்கள், அதாவது 60 விழுக்காடு, அழியும் அபாயத்தில் உள்ளன என 2019-இல் அறிவிக்கப்பட்டது.

கேமரூனின் எபோ காட்டில் மரம் வெட்டும் திட்டம் எதிர்ப்புகளுக்குப் பின் 2020-இல் கைவிடப்பட்டது. அக்காட்டில் மட்டுமே காணப்படும் சிறு மரம் ஒன்றுக்கு 2022-இல் ‘உவாரியாப்சிஸ் டிகாப்ரியோ’ எனப் பெயரிடப்பட்டது. காட்டுக்காகக் குரல் கொடுத்த நடிகர் லியோனார்டோ டிகாப்ரியோவின் நினைவாக அப்பெயர் சூட்டப்பட்டது. திட்டம் நிறைவேறியிருந்தால், பெயர் பெறும் முன்னரே அந்த மரத்தின் வாழிடம் அழிந்திருக்கக்கூடும்.

செய்தியை அறிவது எவ்வாறு?

‘புதிய இனம்’ என்ற அறிவிப்பைக் காணும் வாசகர் நான்கு விவரங்களைக் கவனிக்கலாம்: இருசொல் அறிவியல் பெயர் தரப்பட்டுள்ளதா, எந்த ஆய்விதழில் வெளியானது, மூல வகை மாதிரி எந்த ஹெர்பேரியத்தில் உள்ளது, நெருங்கிய இனத்திலிருந்து எவ்வகையில் வேறுபடுகிறது. இவை நான்கும் இருப்பின், அந்தச் செடி முறைப்படி அறிவியல் பதிவேட்டில் இடம்பெற்றுவிட்டது எனக் கொள்ளலாம். அந்த முடிவைப் பிற வல்லுநர்கள் ஏற்பார்களா என்பது தொடரும் ஆய்வுகளைப் பொறுத்தது.