ஏரிக்கும் கணக்கு உண்டு

ஒரகடத்துக் கார் ஆலைகளைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஓர் உறுப்பு வந்து சேராவிட்டால் முழு வரிசையும் நின்றுவிடும் இடங்கள் அவை. அருகிலுள்ள வடக்குப்பட்டில் 2022-இல் இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது கற்கருவிகள் கிடைத்தன. அத்தனை பழைமையான இவ்வட்டாரத்தில், ஆலைகளுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒன்றையொன்று நம்பி இயங்கிய ஓர் அமைப்பு இருந்தது. அதுதான் ஏரிச் சங்கிலி.

இங்கு வடகிழக்குப் பருவமழை சில வாரங்களில் கொட்டித் தீர்த்துவிடும். அதைத் தேக்க, சரிவின் குறுக்கே பிறை வடிவில் மண்கரை எழுப்பினார்கள். மேல் ஏரி நிரம்பினால், உபரிநீர் கலங்கல் வழியே கீழ் ஏரிக்குப் போகும்.

கலங்கலைச் சற்றுக் கவனியுங்கள். அது கரையைவிடத் தாழ்வான கற்கட்டு. பல ஏரிகளில் அதன் மேல் குத்துக்கற்கள் வரிசையாக நட்டிருக்கும். மழைக்காலம் முடியும் தறுவாயில் கற்களின் இடைவெளியை மண்ணும் பலகையும் வைத்து அடைத்தால், கூடுதலாகச் சிறிது நீர் நிற்கும். ஆசை காட்டும் ஏற்பாடுதான்! அடைத்தபின் பெருமழை பிடித்தால் என்ன ஆகும்? நீர் மண்கரைமீது வழிந்து அதை அறுத்துவிடும். அவ்வெள்ளம் அடுத்த ஏரியின் கரையையும் உடைக்கலாம். அடைக்காமல் விட்டாலோ, பின்னால் பயிர் காயும். எப்போது அடைப்பது, எப்போது திறப்பது? இதற்குக் கல்லும் மண்ணும் விடை சொல்லா, ஆள் வேண்டும்.

2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்குச் சுமார் 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டது. வேறு பல ஏரிகளின் உபரியும் அடையாற்றில் சேர்ந்துகொள்ள, சென்னை மூழ்கியது. முன்கூட்டியே திறந்திருக்க வேண்டாமா என்று பிறகு பெரும் விவாதம் எழுந்தது. கேள்வி பழையதுதான்.

இதே மாவட்டத்து உத்திரமேரூரில், பராந்தக சோழன் காலத்தில், ஏரியைக் கவனிக்கத் தனி வாரியமே இருந்தது. ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டுக் குலுக்கி 6 பேரை எடுப்பார்கள். பதவி 360 நாள். கி.பி. 919-இல் கல்லில் வெட்டிய விதிகளை, இரண்டே ஆண்டில், 921-இல் திருத்தவும் செய்தார்கள். வயது வரம்பு 30 முதல் 60 என்றிருந்தது, 35 முதல் 70 ஆயிற்று. (இது பிராமணர் சபை, நிலமும் வேதக் கல்வியும் உடையவர்க்கே இடம். குடவோலையைக் கொண்டாடும்போது பலர் இதைச் சொல்வதில்லை.)

விதிகளில் மிகக் கடுமையானது கணக்கைப் பற்றியது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருடைய பெயர் மீண்டும் குடத்தில் விழாது. அவருடைய சிற்றன்னை, பேரன்னை மக்கள், அத்தை, மாமன் மக்கள், மருமகன் என்று உறவுமுறைகளை ஒவ்வொன்றாக எண்ணி, அவர்கள் பெயரும் விழக் கூடாதென்று கல்லில் வெட்டிவைத்திருக்கிறார்கள்.