அலுவலகப் பணியில் செயற்கை நுண்ணறிவு: தொடங்கும் முறை

அலுவலகப் பணியில் செயற்கை நுண்ணறிவு என்பது கடிதம் வரைதல், கூட்டக் குறிப்பு எடுத்தல், நீண்ட அறிக்கைகளைச் சுருக்குதல், வாடிக்கையாளர் கேள்விகளுக்குப் பதில் தயாரித்தல் முதலிய அன்றாட வேலைகளில் மொழியைக் கையாளும் கணினிக் கருவிகளைப் பயன்படுத்துவதைக் குறிக்கும். மோசடிப் பரிவர்த்தனைகளைக் கண்டறிய வங்கிகளும், குப்பை அஞ்சலை வடிகட்ட மின்னஞ்சல் நிறுவனங்களும் இத்துறையின் பழைய முறைகளைப் பல ஆண்டுகளாகக் கையாண்டு வந்தன. அவற்றை அமைப்பது வல்லுநர்களின் வேலையாக இருந்தது. 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளியானதும் நிலைமை மாறியது. தட்டச்சு தெரிந்த எவரும் சாதாரண மொழியில் கேட்டு வேலை வாங்கலாம் என்றானபின், எப்படி உருவாக்குவது என்பதைவிட எந்த வேலைக்குக் கொடுப்பது என்பதே பெரிய கேள்வியாயிற்று. எந்தக் கருவியை வாங்கலாம் என்று விசாரிப்பதிலிருந்து தொடங்கும் நிறுவனங்கள் இந்தக் கேள்வியைத் தாண்டிச் சென்றுவிடுகின்றன. கருவி தந்த விடையைச் சரிபார்க்கும் உழைப்பு, அந்த வேலையை நாமே செய்யும் உழைப்பைவிட எங்கே மிகக் குறைவாக இருக்கிறதோ, அங்கே தொடங்குவதுதான் சரி. இதுவரை கிடைத்துள்ள சான்றுகள் இந்தப் பக்கமே நிற்கின்றன.

புதிய தொழில்நுட்பம் பழைய வேலைமுறையின் மேல் அப்படியே பொருத்தப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு மின்சாரத்தின் வரலாறு நல்ல சான்று. எடிசனின் பேர்ல் தெரு மின்நிலையம் நியூயார்க்கில் 1882இல் இயங்கத் தொடங்கியது. ஆனாலும் 19ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் அமெரிக்கத் தொழிற்சாலைகளின் இயந்திர ஆற்றலில் மின்மோட்டார்களின் பங்கு 5 விழுக்காட்டை எட்டவில்லை. அக்காலத் தொழிற்சாலையில் ஒற்றை நீராவி எந்திரம் நீண்ட தண்டுகளைச் சுழற்றும். தண்டிலிருந்து வார்ப்பட்டைகள் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் இறங்கும். முதலில் மின்சாரத்துக்கு மாறியவர்கள் நீராவி எந்திரத்தை எடுத்துவிட்டு அதே இடத்தில் பெரிய மோட்டாரை வைத்தார்கள். தண்டும் பட்டையும் அப்படியே இருந்தன. பலனும் சொற்பமாகவே இருந்தது. இயந்திரத்துக்கு ஒரு மோட்டார் என்று பிரித்து, வேலை நகரும் வரிசையில் இயந்திரங்களை அடுக்கிய பிறகே, 1920களில், உற்பத்தித்திறன் எழும்பியது. பொருளியல் வரலாற்றாளர் பால் டேவிட் 1990இல் எழுதிய கட்டுரை, கணினிகளால் ஏன் உடனடிப் பலன் தெரியவில்லை என்ற புதிருக்கு இந்த வரலாற்றையே விளக்கமாக வைத்தது.

அதுபோல, வேலையின் போக்கோடு பொருந்தி மொழிக் கருவிகள் நன்றாகப் பயன்பட்ட இடங்களில் மிகத் தெளிவாக ஆராயப்பட்டது ஒரு வாடிக்கையாளர் சேவைப் பிரிவு. எரிக் பிரின்யால்ஃப்சன், டானியெல் லீ, லிண்ட்சே ரேமண்ட் மூவரும் 2023இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு மென்பொருள் நிறுவனத்துக்காக எழுத்துவழி உரையாடலில் பதில் சொல்லும் 5,000க்கும் மேற்பட்ட பணியாளர்களைப் பற்றியது. உரையாடல் நடக்கும்போதே கருவி பதில்களைப் பரிந்துரைக்கும். எடுத்துக்கொள்வதா, திருத்துவதா, தள்ளிவிடுவதா என்பது பணியாளரின் முடிவு. ஒரு மணி நேரத்தில் தீர்க்கப்படும் சிக்கல்களின் எண்ணிக்கை சராசரியாக 14 விழுக்காடு கூடியது. புதியவர்களுக்கு இந்த உயர்வு 34 விழுக்காடு. கைதேர்ந்தவர்களுக்கு ஏறத்தாழ ஒன்றுமில்லை. கருவியுடன் இரண்டு மாதம் வேலை செய்தவர், கருவியில்லாமல் ஆறு மாதம் வேலை செய்தவரின் அளவுக்குத் தேறியிருந்தார். அந்த நிறுவனத்தின் தேர்ந்த பணியாளர்கள் பேசும் விதத்திலிருந்தே கருவி கற்றிருந்தது என்பது இதற்கொரு காரணம். மூத்தவரின் அனுபவம் புதியவரின் திரைக்கு வந்து சேர்ந்தது. இன்னொரு காரணம் பரிந்துரையின் நீளம். இரண்டு வரிப் பதிலைப் படித்து ஒப்புக்கொள்ளச் சில நொடிகள் போதும். தவறினால் மறுமுனையில் இருக்கும் வாடிக்கையாளரே உடனே சொல்லிவிடுவார்.

எல்லா வேலையும் இப்படி அமைவதில்லை. பிரிட்டன் அரசு 2024 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை 20,000 ஊழியர்களுக்கு மைக்ரோசாஃப்ட் கோபைலட் என்ற செயற்கை நுண்ணறிவு உதவிக் கருவியைக் கொடுத்துப் பார்த்தது. நாளுக்குச் சராசரியாக 26 நிமிடம் மிச்சமாகிறது என்று அறிவிக்கப்பட்டது. அந்த எண் ஊழியர்களே சொன்ன மதிப்பீடு. ஏறத்தாழ அதே மாதங்களில் பிரிட்டனின் வணிகத் துறை 1,000 உரிமங்களுடன் செய்த மதிப்பாய்வு, மிச்சமான நேரம் உற்பத்தித்திறனாக மாறியதற்கு உறுதியான சான்று இல்லை என்று முடித்தது. கூட்டங்களைச் சுருக்குவது போன்ற எழுத்து வேலைகளில் உதவி தெரிந்தது. எக்செல் கணக்கு ஆய்வில் வேலை மெதுவானதோடு தரமும் குறைந்தது. சொந்த மதிப்பீட்டை நம்பக்கூடாது என்பதற்கு இதைவிடக் கடுமையான சான்றும் இருக்கிறது. மெட்ர் என்ற அமைப்பு 2025இல் அனுபவமுள்ள 16 நிரலாளர்களுக்கு அவர்கள் நன்கறிந்த நிரல்தொகுப்புகளிலேயே 246 வேலைகளைக் கொடுத்தது. கருவியைப் பயன்படுத்தியபோது அவர்களுக்கு 19 விழுக்காடு அதிக நேரம் பிடித்தது. அவர்களோ வேலை முடிந்த பிறகும் தங்களுக்கு 20 விழுக்காடு நேரம் மிச்சமானதாகவே நம்பினார்கள். சோதனைக்கு முன் பத்து வேலைகளின் நேரத்தைக் கடிகாரம் பார்த்துக் குறித்து வைக்காத நிறுவனம், பின்னால் வரும் பாராட்டுகளை எதனோடும் ஒப்பிட முடியாது.

கருவியின் திறமை எங்கே முடிகிறது என்பது வெளிப்பார்வைக்குத் தெரிவதில்லை. இதுதான் சிக்கலின் அடிவேர். பாஸ்டன் கன்சல்டிங் குழுவின் 758 ஆலோசகர்களை வைத்து ஹார்வர்டு வணிகப் பள்ளி ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட சோதனையில், கருவிக்கு ஏற்ற வேலைகள் 25 விழுக்காடு வேகமாக, கூடுதல் தரத்துடன் முடிந்தன. பார்வைக்கு அவற்றைப் போலவே இருந்த, ஆனால் கருவியின் எல்லைக்கு வெளியே அமைந்த ஒரு வேலையில், கருவி பெற்றவர்கள் சரியான விடைக்கு வரும் வாய்ப்பு 19 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைந்தது. தவறான விடையும் அதே சரளமான நடையில் வருவதால் படிப்பவர் ஏமாறுகிறார். அதே ஆண்டு ஜூனில் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம், இல்லாத தீர்ப்புகளை மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதித்தது. அந்தத் தீர்ப்புகள் சாட்ஜிபிடி கற்பனையாகத் தந்தவை. வழக்கறிஞருக்கு மனு எழுதும் வேலை கருவிக்கு எளிது. மேற்கோள் ஒவ்வொன்றையும் தீர்ப்புத் தொகுப்பில் தேடிப் பார்ப்பது மனிதருக்குச் செலவுள்ள வேலை. அந்தச் செலவைக் கணக்கில் சேர்க்காமல் விட்டதன் விலைதான் அபராதம். தானே கலந்துகொண்ட கூட்டத்தின் குறிப்பை ஒருவர் ஐந்து நிமிடத்தில் சரிபார்த்துவிடுவார். தான் படிக்காத 200 பக்க ஒப்பந்தத்தின் சுருக்கத்தைச் சரிபார்க்க அவர் 200 பக்கத்தையும் படிக்கவேண்டும். இரண்டும் சுருக்கும் வேலைதான். முதலாவதில் தொடங்கலாம், இரண்டாவதில் கூடாது.

ஆபத்து இவ்வளவு இருந்தால் முழுவதும் தடை செய்துவிடலாமே என்பது ஒரு மறுப்பு. சாம்சங் ஊழியர்கள் ரகசிய நிரலைச் சாட்ஜிபிடியில் ஒட்டிவிட்டது தெரிந்து, 2023 மே மாதம் அந்நிறுவனம் இத்தகைய கருவிகளைத் தடுத்தது. இந்திய நிதி அமைச்சகமும் 2025 ஜனவரியில் அலுவலகக் கணினிகளில் இவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று சுற்றறிக்கை விட்டது. கோப்பின் ரகசியம் பெரிதாக உள்ள இடத்தில் இந்தத் தடை நியாயமானது. ஆனால் ஊழியரின் சொந்தக் கைப்பேசியைத் தடை எட்டாது. என்ன செய்தி வெளியே போகலாம், என்ன போகக்கூடாது என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்து, தரவைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளாத ஒப்பந்தத்தோடு கணக்கு வாங்கித் தருவதே பாதுகாப்பு. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், வாடிக்கையாளர் விவரத்துக்கான பொறுப்பு நிறுவனத்தின் தலையில்தான் இருக்கிறது. இதற்கு நேரெதிராக, எல்லோரிடமும் கருவியைக் கொடுத்துவிட்டால் அவரவரே வழி கண்டுகொள்வார்கள் என்பாரும் உண்டு. டென்மார்க்கில் 25,000 பணியாளர்களை ஆராய்ந்த ஆண்டர்ஸ் ஹூம்லம், எமிலி வெஸ்டர்கார்ட் ஆகியோர், முதலாளி ஊக்குவித்த இடங்களில் பயன்பாடு 47 விழுக்காட்டிலிருந்து 83 விழுக்காடாக உயர்வதைக் கண்டார்கள். மிச்சமான நேரமோ சராசரியாக 3 விழுக்காடு மட்டுமே. சம்பளத்திலும் வேலை நேரத்திலும் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் இல்லை. பயன்பாடு பரவுவது வேறு, வேலை மாறுவது வேறு.

மிகக் கனமான மறுப்பு இளையவர்களைப் பற்றியது. வரைவு எழுதி, அடித்துத் திருத்தப்பட்டுத்தான் ஒருவர் தொழில் கற்கிறார். அந்த வரைவைக் கருவியே எழுதினால் நாளைய மூத்தவர் எங்கிருந்து வருவார்? தானியங்கும் அமைப்பை மேற்பார்வையிடும் மனிதர், செய்யாத வேலையில் தன் திறமையை இழக்கிறார் என்று உளவியலாளர் லிசான் பெய்ன்பிரிட்ஜ் 1983லேயே எழுதினார். மேலே சொன்ன வாடிக்கையாளர் சேவை ஆய்வில், கருவி பழுதாகி நின்ற வேளைகளிலும் அதைப் பயன்படுத்திப் பழகியவர்கள் முன்பைவிட நன்றாகவே வேலை செய்தார்கள் என்பது சற்று ஆறுதல். இருந்தாலும் அது குறுகிய பதில்களின் உலகம். சட்டக் கருத்துரையிலும் தணிக்கைக் குறிப்பிலும் இளையவர் முதலில் தானே எழுதி, பிறகு கருவியின் வரைவோடு ஒப்பிட்டுப் பார்க்கும் முறை வேண்டும். நேரம் கொஞ்சம் கூடும். அதைப் பயிற்சிச் செலவாக ஏற்க வேண்டும்.

தமிழில் வேலை செய்யும் அலுவலகங்களுக்குச் செலவும் கூடுதல், சரிபார்ப்பும் இன்னும் கூடுதலாகத் தேவை. இந்தக் கருவிகளுக்கு அடியிலுள்ள மொழி மாதிரிகள் சொற்களைச் சிறு துண்டுகளாக உடைத்துப் படிக்கின்றன; தமிழ்ச் சொற்கள் ஆங்கிலத்தைவிட அதிகத் துண்டுகளாவதால் செலவு ஏறுகிறது. ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்க்கும்போது, மூலத்தில் மரியாதை வேறுபாடு இல்லாததால் அவன், அவர் மயக்கமும் நேர்கிறது. மனுதாரருக்குப் போகும் கடிதத்தில் அது சிறிய பிழை அன்று. பிழையின் பொறுப்பு யாருக்கு என்பதைக் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் சொல்லிவிட்டது: துக்கத்துக்குப் பயணம் செய்தவருக்குக் கட்டணச் சலுகை பற்றித் தவறான தகவல் தந்த சாட்பாட்டின் பேச்சுக்கு ஏர் கனடாவே பொறுப்பு, இழப்பீடு தரவேண்டும். ஆகவே உரிமத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன், உங்கள் அலுவலகத்தில் வாராவாரம் திரும்ப வரும் வேலைகளை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அதன் விடையைப் பார்த்ததும் சரி தவறு சொல்லக்கூடிய ஆளின் பெயரை எழுதுங்கள். பெயர் எழுத முடியாத வேலையை இப்போதைக்குத் தொடாதீர்கள்.