வாங்கியவர் முடிக்க வேண்டிய கப்பல்

ஸ்கார்பீன் நீர்மூழ்கிக் கப்பலை வடிவமைத்தது பிரான்ஸ். ஆனால் பிரெஞ்சுக் கடற்படையில் ஒரு ஸ்கார்பீன்கூடக் கிடையாது. தன் கடைசி டீசல் நீர்மூழ்கியான வெஸ்ஸானை அந்நாடு 2001-இல் படையிலிருந்து விலக்கிவிட்டது. மலேசிய மாலுமிகள் பயிற்சி பெற்றது அந்தக் கப்பலில்தான். இப்போது அது மலாக்காவில் அருங்காட்சியகமாகக் கரையில் நிற்கிறது. பிரான்ஸ் இன்று வைத்திருக்கும் நீர்மூழ்கிகள் எல்லாமே அணுசக்தியில் ஓடுபவை. ஜெர்மனியின் கதையும் இப்படித்தான். கீல் நகரத்துக் கப்பல் தளம் உருவாக்கிய டைப் 209 வகையில் அறுபதுக்கும் மேற்பட்ட கப்பல்கள் கட்டப்பட்டன. ஒன்றுகூட ஜெர்மன் கடற்படைக்குப் போகவில்லை. விற்பதற்கென்றே பிறந்த கப்பல்கள் இவை. சமைத்தவர் வாயில் வைத்துப் பார்க்காத பந்தி.

புனே ஹிஞ்சேவாடித் தமிழர்களின் மலரில் இதற்கு என்ன வேலை என்று கேட்கலாம். கடல் நமக்கும் சஹ்யாத்ரி மலைக்கும் அந்தப் பக்கம். மும்பை மசகான் கப்பல் தளத்துக்குப் போய்ச் சேர, வாகட் பாலத்து நெரிசலைக் கணக்கில் சேர்க்காமலே, மூன்று மணி நேரம் ஆகும். ஆனாலும் அங்கே கட்டிய ஆறு ஸ்கார்பீன்களின் அடுத்த கட்டம் மலைக்கு இந்தப் பக்கத்தோடும், நம்மில் பலர் விட்டு வந்த புதுக்கோட்டை, திருநெல்வேலிச் சீமைகளோடும் பிணைந்திருக்கிறது. தமிழரும் புனேக்காரரும் கப்பல் விஷயத்தில் கைகோப்பது புதிதும் அல்ல. 1906-இல் சுதேசி நாவாய்ச் சங்கம் தொடங்கிய வ.உ.சி. கப்பலுக்காகப் பம்பாயில் அலைந்தபோது அவருக்குத் துணை நின்றவர்களில் திலகரும் ஒருவர்.

தன் படையே ஓட்டாத கப்பலை விற்பவர், முழுக்கப்பலை விற்பதில்லை. உடலையும் உறுப்புகளின் பட்டியலையும் விற்கிறார். எந்த டார்ப்பீடோ, எவ்வளவு நீளம், காற்றின்றி மின்சாரம் எடுக்கும் கருவி வேண்டுமா வேண்டாமா என்பதெல்லாம் வாங்குபவர் தீர்மானிக்க வேண்டியவை. பிரேசில் தன் நீண்ட கடற்கரையை நினைத்து உடலை 71 மீட்டருக்கு மேல் நீட்டிக்கொண்டது. சிலியும் மலேசியாவும் இரண்டிரண்டோடு நிறுத்திக்கொண்டன. இந்தோனேசியா 2024-இல் இரண்டுக்கு ஒப்பந்தம் போட்டது. இந்தியா ஆறு கேட்டது. மும்பையிலேயே கட்டுவோம் என்றது. வாங்கிய கப்பலை வாங்கியவர்தான் முடிக்க வேண்டும் என்ற நிலை இங்கே மற்ற எவரையும்விட நமக்கே அதிகம் பொருந்துகிறது.

நம் ஸ்கார்பீனுக்குள் கொஞ்சம் போய்ப் பார்ப்போம். நீளம் 67.5 மீட்டர். மூழ்கிய நிலையில் எடை சுமார் 1,775 டன். எட்டு அதிகாரிகள், முப்பத்தைந்து மாலுமிகள். இந்தக் குழாய்க்குள் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் கேபிளும் 11 கிலோமீட்டர் பைப்பும் ஓடுகின்றன. அதாவது, கப்பலின் ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சமே குறைவான கேபிள். ஒருவர் ஒருக்களித்துப் படுத்துக் கையை நீட்டினால்தான் எட்டும் இடத்தில், அடுத்தவர் வருவதற்குள் அவர் வேலையை முடித்து வெளியேற வேண்டும். பைப்காரர் முந்திக்கொண்டால் கேபிள்காரருக்கு வழி அடைபடும். எது எதற்கு முன் என்ற வரிசைதான் அங்கே பெரிய பொறியியல்.

தளத்துக்கு அடியில் 360 பேட்டரி செல்கள். ஒவ்வொன்றும் 750 கிலோ. மொத்தம் 270 டன், கப்பலின் எடையில் ஏழில் ஒரு பங்குக்குச் சற்று மேல். எல்லாம் நம் கார் பேட்டரியின் வம்சமான ஈய அமில பேட்டரிகள். இவற்றை நிரப்ப 1,250 கிலோவாட் டீசல் என்ஜின்கள் இரண்டு. ஓட்டுவது நிரந்தரக் காந்த மோட்டார். அதன் பெருமையே சத்தமின்மை. ஆனால் சார்ஜ் ஏறும்போது பேட்டரி ஹைட்ரஜனை விடும். காற்றில் அது நான்கு சதவீதம் சேர்ந்தாலே தீப்பொறிக்குக் காத்திருக்கும். 2014 பிப்ரவரியில் மும்பைக்கு அப்பால் ஐஎன்எஸ் சிந்துரத்னாவின் பேட்டரிப் பகுதியில் புகை கிளம்பி இரண்டு அதிகாரிகள் இறந்தார்கள். அன்றே கடற்படைத் தளபதி அட்மிரல் டி.கே.ஜோஷி பதவி விலகினார். அது ரஷ்யக் கப்பல், பழையது. பழையதை ஓட்டித் தீர வேண்டியிருந்தது, புதியது வரத் தாமதமானதால்.

தாமதத்தின் வேர் 1981-இல் இருக்கிறது. அந்த ஆண்டு டிசம்பரில் கீல் தளத்தை நடத்திய எச்டிடபிள்யூ நிறுவனத்தோடு ஒப்பந்தம்: இரண்டு 209-கள் கீலில், இரண்டு மசகானில். நம் ஆட்கள் ஜெர்மனி போய் வேலை கற்றார்கள். கற்றதில் முக்கியமானது அழுத்தம் தாங்கும் கூட்டை ஒட்டவைப்பது. தடித்த எஃகுத் தகட்டை வளையமாக வளைத்து, வளையங்களை அடுக்கிப் பற்றவைக்க வேண்டும். பற்றவைப்பதற்கு முன் எஃகைச் சூடேற்றி, அந்தச் சூடு இறங்காமல் காக்க வேண்டும். ஒவ்வொரு பற்றவைப்பையும் எக்ஸ்-ரே எடுத்து, உள்ளே மயிரிழை விரிசல் தெரிந்தாலும் சுரண்டியெடுத்துத் திரும்பச் செய்ய வேண்டும். வட்டம் துளி கோணினால் ஆழத்தில் அந்த இடம்தான் முதலில் மடங்கும். புத்தகத்தில் படித்து வருகிற வேலை இல்லை இது. மசகான் கட்டிய ஷல்கி 1992-லும் ஷங்குல் 1994-லும் படையில் சேர்ந்தன.

அதோடு நின்றது. 1987-இல் இந்த ஒப்பந்தத்தில் கமிஷன் கைமாறியதாகப் புகார் கிளம்ப, மேற்கொண்டு கப்பல்கள் கேட்கும் பேச்சே அடங்கிவிட்டது. புகார் விசாரிக்கப்பட வேண்டியதுதான், அதில் மறுபேச்சில்லை. ஆனால் கமிஷன் வாங்கியவன் யார் என்று தேடிய நாடு, வேலை கற்ற வெல்டர் எங்கே போனான் என்று தேடவே இல்லை என்பதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. அடுத்த நீர்மூழ்கிக்கு எஃகு வெட்டியது 2006 டிசம்பரில். நடுவில் பன்னிரண்டு ஆண்டுகள். இருபத்தைந்து நீர்மூழ்கிகளை நெருங்கும் முப்பதாண்டுத் திட்டம் ஒன்றை அரசு 1999-லேயே ஒப்புக்கொண்டது என்பது இதில் இன்னொரு வேடிக்கை.

2005 அக்டோபர் ஒப்பந்தப்படி முதல் ஸ்கார்பீன் 2012-இல் வந்திருக்க வேண்டும். அந்த முதல் கப்பலான கல்வரி படையில் சேர்ந்தது 2017 டிசம்பர் 14. ஐந்தாண்டுப் பிந்துதலுக்குக் கைகள் மறந்துபோனது ஒரு காரணம். பிரெஞ்சுத் தரப்பு தராமல் மசகானே வாங்கிக்கொள்ள வேண்டிய பொருட்களுக்கு விலை பேசி முடிப்பதற்குள் ஆண்டுகள் ஓடியது இன்னொன்று. பிறகு வேகம் பிடித்தது: கண்டேரி 2019, கரஞ்ச், வேலா இரண்டும் 2021, வாகிர் 2023, வாக்‌ஷீர் 2025 ஜனவரி. மறந்த கை மறுபடி பழகியதற்கு இந்தத் தேதிகளே சாட்சி.

இடையில் 2016 ஆகஸ்டில் ஒரு விபரீதம். இந்திய ஸ்கார்பீன் பற்றிய 22,000-க்கும் அதிகமான பக்கங்கள் தன் கையில் இருப்பதாக ‘தி ஆஸ்திரேலியன்’ நாளிதழ் அறிவித்தது. கப்பலைத் தந்த டிசிஎன்எஸ் நிறுவனம் அப்போதுதான் ஆஸ்திரேலியாவுக்குப் பன்னிரண்டு நீர்மூழ்கிகள் கட்டத் தேர்வாகியிருந்தது. அந்த நாடும் 2021-இல் அதைக் கைகழுவிவிட்டது. பக்கங்கள் கசிந்தது இந்தியாவில் அல்ல என்று நம் கடற்படை சொன்னது. ஹிஞ்சேவாடி ஐடி பூங்காவின் ஃபேஸ் ஒன்றிலும் இரண்டிலும் வாசலில் கைப்பையைச் சோதிக்க நீட்டி, பென்டிரைவ் இல்லை என்று சொல்லி உள்ளே போகும் நமக்கு இந்தச் செய்தி மற்றவரைவிட நன்றாக உறைக்கும். நீர்மூழ்கி என்பது இப்போது எஃகைப் போலவே ஒரு பெரும் தரவுத்தொகுப்பும் ஆகிவிட்டது. அமெரிக்காவின் வர்ஜினியா வகை நீர்மூழ்கிகள் கேட்டியா என்ற முப்பரிமாண மென்பொருளில் வடிவமைக்கப்பட்டவை. அதை விற்கும் டசோ சிஸ்டம்ஸுக்கு ஹிஞ்சேவாடியில் பெரிய ஆய்வு மையம் உண்டு. அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தங்கள் கருவி கடலுக்கடியில் போகிற கதை தெரியும் என்று யோசித்திருக்கிறேன்.

இனி, விற்றவர் தராமல் விட்டவை.

முதலாவது டார்ப்பீடோ. ஆறு குழல்கள் உண்டு. பதினெட்டு ஆயுதங்கள் ஏற்றலாம். ஏற்றத்தான் சரியான சரக்கில்லை. பிளாக் ஷார்க் என்னும் இத்தாலிய டார்ப்பீடோவைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அதைத் தயாரித்த குழுமம் ஹெலிகாப்டர் பேர ஊழலில் பேர் கெட்டதும் அந்தக் கொள்முதல் கைவிடப்பட்டது. எக்ஸோசெட் ஏவுகணை கைவசம் இருந்தது. கல்வரி 2017 மார்ச்சிலேயே ஒன்றை ஏவிக் காட்டியது. டார்ப்பீடோவுக்கோ பழைய 209-களுக்காக வாங்கிய ஜெர்மன் சரக்கைத் தட்டிச் சீர்செய்து ஏற்ற வேண்டியதாயிற்று. புதுக் கப்பலுக்குப் பழைய பல். நம் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓ உருவாக்கிய மின்சாரக் கன டார்ப்பீடோவைக் கல்வரி வகையில் பொருத்த, டிசிஎன்எஸ்ஸின் இன்றைய பெயரான நேவல் குரூப்போடு 2024 டிசம்பர் 30 அன்று ரூ.877 கோடிக்கு ஒப்பந்தமானது. நம் ஆயுதத்தை நம் கப்பலில் வைக்க அவர்களுக்குக் காசு கொடுப்பதா என்று கேட்பவர்கள் உண்டு. குழலோடும் கட்டுப்பாட்டு அமைப்போடும் டார்ப்பீடோ பேச வேண்டும். அந்த அமைப்பின் உள்ளறை அவர்களுடையது. டார்ப்பீடோக்களுக்கான வெள்ளி–துத்தநாக பேட்டரி செய்யும் ஆலை ஒன்று புதுக்கோட்டை மாவட்டம் மாத்தூரில் இருக்கிறது. திருச்சியிலிருந்து புதுக்கோட்டை பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியே பார்த்துக் கடந்து போயிருப்பார்கள்.

இரண்டாவது, காது. ஆழத்தில் இருக்கும் கப்பலுக்கு சாதாரண ரேடியோ எட்டாது. உப்புநீர் அதை விழுங்கிவிடும். மிகக் குறைந்த அதிர்வெண் மட்டுமே மேல்மட்ட நீரைத் துளைத்துச் சில மீட்டர் இறங்கும். அதற்கான நிலையம் திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில், ஐஎன்எஸ் கட்டபொம்மன் என்ற பெயரில் 1990-இலிருந்து இயங்குகிறது. அங்கிருந்து போகும் 18.2 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளமே பதினாறு கிலோமீட்டருக்கு மேல். கப்பல் கேட்டுக்கொள்ளும், பதில் பேசாது. பேசினால் இருக்குமிடம் தெரிந்துவிடும். பாஞ்சாலங்குறிச்சிக்காரர் பெயர் தாங்கிய இடத்திலிருந்து உத்தரவு மட்டும் போகிறது என்பதில் எனக்குக் கொஞ்சம் குறும்பான மகிழ்ச்சி.

மூன்றாவதுதான் முக்கியம்: மூச்சு. டீசல் ஓடக் காற்று வேண்டும். ஆகவே பேட்டரி தீரத் தீரக் கப்பல் மேலே வந்து, ஸ்நார்க்கெல் குழாயை நீருக்கு மேல் நீட்டி, என்ஜினை ஓட்டியாக வேண்டும். ரேடாருக்கும் விமானத்துக்கும் அது அகப்படுகிற நேரம் அந்த நேரம்தான். மெதுவாகப் போனாலும் ஒரு சில நாளுக்கொருமுறை இது தவிர்க்க முடியாதது. காற்றின்றி மின்சாரம் தரும் ஏஐபி கருவி இருந்தால் வாரக்கணக்கில் கீழேயே கிடக்கலாம். பாகிஸ்தானுக்கு இதே பிரெஞ்சு நிறுவனம் கொடுத்த அகோஸ்டா கப்பல்களில் எத்தனால் எரித்து நீராவியில் ஓடும் ஏஐபி இருக்கிறது. நமக்கு அது வேண்டாம், சொந்தமாகச் செய்வோம் என்று முடிவெடுத்தார்கள். கடைசி இரண்டு கப்பல்களில் வைத்துவிடலாம் என்பது முதல் திட்டம். கருவி தயாராகவில்லை, கப்பல்கள் அது இல்லாமலே இறங்கின.

கருவி பிறந்தது அம்பர்நாத்தில், டிஆர்டிஓவின் கடற்படைப் பொருளாராய்ச்சிக் கூடத்தில். பாஸ்பாரிக் அமில எரிபொருள் மின்கலம் அது. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து மின்சாரமும் தண்ணீரும் ஆகும். ஜெர்மானியர்கள் ஹைட்ரஜனை உலோகத்தில் உறிஞ்சவைத்துச் சுமந்து செல்கிறார்கள். நம்மவர்கள் சோடியம் போரோஹைட்ரைடு என்ற உப்பைக் கொண்டுபோய், தேவைப்படும்போது கப்பலுக்குள்ளேயே ஹைட்ரஜன் எடுக்கிறார்கள். ஹைட்ரஜனைக் கட்டிவைத்துக் காவல் காக்கும் பயம் குறைகிறது; அதற்கு விலை, உள்ளே ஒரு சின்ன ரசாயன ஆலையே ஓட வேண்டியிருப்பது. தரையில் நிறுவிய முன்மாதிரி 2021 மார்ச் 8-இல் தேறியது. தொழில் கூட்டாளிகளாக நின்றவை எல் அண்ட் டியும் தெர்மாக்ஸும். தெர்மாக்ஸ் புனே நிறுவனம். சிஞ்ச்வாட் எம்ஐடிசியில் அதன் ஆலையைப் பார்க்காமல் அந்தச் சாலையில் போக முடியாது. பாய்லர் செய்து வளர்ந்தவர்கள். வெப்பத்தையும் அமிலத்தையும் அளவாக ஓடவிடும் கை அவர்களுக்குப் பழக்கம்தான்.

2024 டிசம்பர் 30-இல் கையெழுத்தான இன்னொரு ஒப்பந்தம் இதற்குத்தான்: ஏஐபி பகுதியைக் கட்டி நீர்மூழ்கியில் சேர்க்க மசகானுக்கு ரூ.1,990 கோடி. சேர்ப்பது என்றால், ஓடிக்கொண்டிருக்கும் கப்பலை உலர்துறையில் ஏற்றிக் கூட்டைக் குறுக்கே வெட்ட வேண்டும். ஒவ்வொரு கேபிளையும் பைப்பையும் அந்த இடத்தில் துண்டித்து, இரண்டு பாதிகளையும் விலக்கி, நடுவில் புது வளையத்தை நுழைத்துத் திரும்பப் பற்றவைக்க வேண்டும். புது வளையம் தான் விலக்கும் நீரின் எடைக்குச் சமமான எடையோடு இருக்க வேண்டும். கூடினால் கப்பல் இறங்கும், குறைந்தால் மிதக்கும். முன்னும் பின்னும் சமன் கெடக் கூடாது. பிரெஞ்சுக்காரர் வரைந்த கூட்டில் அவர்கள் வைக்காத உறுப்பை வைக்கிற வேலை.

வாக்‌ஷீரோடு ஆறும் முடிந்துவிட்டன. கூடுதலாக மூன்று ஸ்கார்பீன்களுக்கு 2023 ஜூலையில் பாதுகாப்புக் கொள்முதல் குழு முதல் ஒப்புதல் தந்தது. அடுத்த தலைமுறை ஆறுக்கு மசகானுடன் கைகோத்திருப்பது தைசென்குரூப், அதாவது 1981-இல் நாம் போன அதே கீல் தளத்தின் இன்றைய முதலாளி. இவற்றின் எஃகு எப்போது தளத்துக்கு வந்தாலும், மசகானின் வெல்டருக்கு முன்னே இருக்கும் வேலை தான் ஏற்கெனவே பற்றவைத்த கூட்டை வெட்டித் திரும்பப் பற்றவைப்பது. அவரைத் தளத்தில் நிறுத்திவைக்க இப்போதைக்கு இருக்கிற ஒரே கைமுதல், அம்பர்நாத்திலும் சிஞ்ச்வாட்டிலும் பழுத்த அந்த ஏஐபி வளையம்தான்.