பல்லக்கும் சூரியரதமும்

தஞ்சையை வாள்வலியால் கைக்கொண்ட ஏகோஜியைப் பற்றிச் சரித்திரக்காரர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள், எழுதட்டும். என் அபிமானமெல்லாம், 1684-ஆம் ஆண்டு பால்யம் மாறாத வயதில் சிம்மாசனம் ஏறி, வீட்டில் மராட்டியும் வீதியில் தமிழும் ஒலிக்கக் கேட்டு வளர்ந்தும், சங்கீத நாடகம் புனைய உட்கார்ந்தபோது நாயக்கர் சபையில் தழைத்திருந்த தெலுங்கையே விரும்பி எடுத்துக்கொண்ட அவர் குமாரர் ஷாஜி மகாராஜாவிடந்தான்.

அவர் இயற்றிய பல்லகி சேவா பிரபந்தத்தில் கதையென்று சொல்லத்தக்கது அதிகமில்லை. திருவாரூர்த் தியாகேசரைப் பிரிந்த பார்வதி விரகதாபத்தால் வாடுகிறாள்; தோழியர் தூது போகிறார்கள்; பெருமான் பல்லக்கில் எழுந்தருளுகிறார். மற்றதெல்லாம் தருக்களும் பத்யங்களுமாகிய கானந்தான். நான் குடியிருக்கும் ஐதராபாத் மல்லாபூரில், ஒரு தருவை வாசித்துக் காட்டினால் பக்கத்து வீட்டுத் தெலுங்கர் தயங்காமல் பொருள் சொல்லிவிடுகிறார். எழுதியவர் தஞ்சாவூரை ஆண்ட மராட்டியர் என்பதைத்தான் நம்ப மறுக்கிறார்!

ஷாஜி பட்டத்துக்கு வந்ததற்கு முந்திய ஆண்டு, 1683 ஜனவரியில், பிரான்ஸின் வெர்சேல் அரண்மனையில் லுல்லி இசையமைத்த 'ஃபாயெத்தோன்' என்ற சங்கீத நாடகம் அரங்கேறிற்று. கிரேக்க புராணத்துச் சூரியதேவனின் புத்திரன், தந்தையின் ரதத்தை ஒரு நாள் ஓட்டியே தீருவேனென்று பிடிவாதம் பிடித்து, குதிரைகளை அடக்கமாட்டாமல் பூலோகத்தையே எரிக்கத் தலைப்பட, தேவாதிபதியின் இடி அவனை வீழ்த்துகிறது. பின்னர்ப் பாரீஸ் அரங்கில் யந்திரங்களைக் கொண்டு அந்த ரதத்தை அந்தரத்தில் ஓட்டிக் காட்டினார்கள். தம்மையே சூரியனாகப் பாவித்துக்கொண்ட பதினான்காம் லூயி மன்னர் இந்த வீழ்ச்சியை எந்த முகத்தோடு பார்த்தாரோ! அவர் மனம் குளிரவேண்டி, நாடகத்தின் முகப்புக் காட்சி அவருடைய ஆட்சியைப் பொற்காலமென்று துதிக்கிறது. ஷாஜியோ இந்தப் பிரபந்தத்தில் துதியையெல்லாம் ஆரூர்ப் பெருமானின் பல்லக்கிலேயே ஏற்றிவிட்டார். இருவரில் எவர் ரசிகர், எவர் தற்புகழ்ச்சிக்காரர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

லுல்லியின் சுரங்கள் அதே ஆண்டில் அச்சேறிவிட்டன. நம்மவர் நாடகத்தைப் பேராசிரியர் சாம்பமூர்த்தி பதிப்பித்துத் தந்தது 1955-இல்! பொக்கிஷத்தை வைத்துக்கொண்டு இத்தனை காலம் அசிரத்தையாக இருக்க நம்மால்தான் முடியும்.

ஷாஜி காலத்துச் செஞ்சி முற்றுகையும், 1694-இல் மொகலாயத் தளபதி ஜுல்பிகார்கான் தஞ்சையைக் கப்பம் கட்ட இணங்கச் செய்த வரலாறும் இவ்வாரம் இந்தப் பகுதியில் வந்திருக்கவேண்டியவை. செஞ்சி மதிலுக்கு வெளியே ஏறக்குறைய எட்டு வருஷம் காத்துக்கிடந்த கான், இன்னும் ஒரு வாரம் காத்திருக்கட்டும்.