கிறிஸ்துமஸ் தாத்தா வேடத்தில் ஓடப் போறீங்களா? கவனிக்க வேண்டியவை

டிசம்பர் வந்தாலே சிவப்பு அங்கியும் வெள்ளைத் தாடியுமாக ஓடும் கேளிக்கை ஓட்டங்களும் வந்துவிடும். ஆனால் அந்த உடை குளிர்நாட்டுக்கு உரியது. சிங்கப்பூரில் டிசம்பரிலும் பகல் வெப்பம் 30 டிகிரி செல்சியஸைத் தொடும்.

உடம்பு ஏன் சூடாகிறது?

வியர்வை ஆவியாகும்போதுதான் உடல் குளிரும். ஈரப்பதம் மிகுந்த நம் காற்றில் அது மெதுவாகத்தான் ஆவியாகும். அதன்மேல் பாலியஸ்டர் அங்கியும் போட்டால் சூடு உள்ளேயே தங்கிவிடும்.

என்ன செய்யலாம்?

- அங்கிக்குள் மெல்லிய விளையாட்டு உடை அணியுங்கள். சூடு தாங்கலையா? அங்கியைக் கழற்றிடுங்க.

- தாடியை ஓடி முடித்தபின் படம் எடுக்கும்போது மாட்டிக்கலாம்.

- நீளமான கால்சட்டையை மடித்துத் தைத்துவிடுங்கள். மழையில் நனைந்த பாதையில் தடுக்கி விழ அது போதும்.

- ஓரிரு நாள் முன்பு காய்ச்சல் இருந்ததா? இந்த முறை கைதட்ட மட்டும் போங்க.

தலைசுற்றல், குமட்டல் வந்தால் ஓடுவதை நிறுத்தி நிழலுக்குச் செல்லுங்கள். உடன் ஓடுபவர் குழப்பமாகப் பேசினாலோ மயங்கி விழுந்தாலோ அது வெப்பத் தாக்கமாக இருக்கலாம். உடனே 995ஐ அழையுங்கள். உதவி வரும்வரை அங்கியைக் கழற்றி, உடம்பை நீரால் நனைத்து விசிறுங்கள்.