ஆட வந்த பெண்களும் ஆண்கள் சபையும்

ஆடிக்கொண்டிருக்கும் கரகாட்டக்காரியின் ரவிக்கையில் ஊக்கைக் கொண்டு ரூபாய் நோட்டைக் குத்துவது தென் மாவட்டத் திருவிழாக்களில் பல பத்தாண்டுகளாக நடந்துவரும் வழக்கம். அதற்கு ‘அன்பளிப்பு’ என்று பெயர். குத்தியவரின் பெயரும் தொகையும் மைக்கில் சொல்லப்படும். தலையில் கரகம் இருப்பதால் அந்தப் பெண்ணால் சட்டென்று விலக முடியாது. விலகினாலும், நோட்டு கொடுத்தவர் கமிட்டிக்காரராகவோ ஊரின் பெரிய கையாகவோ இருப்பார். பேசிய சம்பளத்தின் மீதி அவர் கையால்தான் வரவேண்டும். ஆண்கள் கூடிய இடத்துக்குக் கூலி பேசி வரவழைக்கப்படும் பெண்ணைத் தொடவும் சீண்டவும் உரிமை உண்டு என்ற எண்ணம் இந்த வட்டாரத்தில் எப்படி நிலைத்தது, அதைத் திருத்த வந்த இயக்கங்களும் சட்டங்களும் யாரைத் திருத்தின என்பதற்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு.

ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் 1910 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தவை. அந்த ஆண்டு உருவான இராமநாதபுரம் மாவட்டத்தில் சேர்க்கப்பட்டு, 1985-இல் இன்றைய விருதுநகர் மாவட்டத்துக்குள் வந்தன. மேற்கே மலை, அதன் அடிவாரத்தில் சேத்தூர், சற்றுத் தெற்கே சிவகிரி என்று பாளையங்களாக இருந்து ஜமீன்களான ஊர்கள் சூழ்ந்த சீமை இது. பாண்டிய நாட்டுக் கோயில்களில் தேவரடியார் இருந்ததையும், அவர்களில் சிலர் கோயிலுக்குக் கொடை தந்ததையும் கல்வெட்டுகள் பதிந்துள்ளன. சோழ, பாண்டியர் காலத்தில் கோயில் சார்ந்த மதிப்போடு வாழ்ந்த இப்பெண்கள், நாயக்கர் காலத்திலும் அதற்குப் பின்னும் அரண்மனைகளோடும் பாளையக்காரர்களோடும் மேலும் மேலும் பிணைக்கப்பட்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்து ஜமீன்தார், மிராசுதார் வீட்டுக் கல்யாணத்தில் ‘சின்ன மேளம்’ என்ற சதிர்க் கச்சேரி வைப்பது அந்தஸ்தின் அடையாளமாகிவிட்டது.

அந்தக் கச்சேரி ஆண்களின் சபை. வீட்டுப் பெண்கள் பார்த்தாலும் திரைக்கு அப்பால் இருந்துதான் பார்ப்பார்கள். ஆட வந்தவருக்கு ஆட்டம் மட்டும் வேலை அல்ல. விருந்தாளிக்கு மாலையிடுவது, பன்னீர் தெளிப்பது, சந்தனம் கொடுப்பது, தாம்பூலம் நீட்டுவது எல்லாம் அவரிடம் எதிர்பார்க்கப்பட்டன. துரைமார் வந்தால் அவர்களுக்கும் இந்த உபசாரம் உண்டு. பதம் பாடி அபிநயம் பிடிப்பது தேர்ந்த கலை. அதற்கு ஏழெட்டு வயதிலிருந்து நட்டுவனாரிடம் பயிற்சி வேண்டும். ஆனால் சபையில் இருந்த பலருக்கு அந்தக் கலைக்கும் கலைஞரின் உடம்புக்கும் இடையே கோடு இருந்ததாகத் தெரியவில்லை. ஆதரவு என்று சொல்லப்பட்டது பெரும்பாலும் வசதியுள்ள ஒரு ஆணின் வைப்பாக இருப்பதையே குறித்தது. பெண் மறுக்கலாம் என்பது ஏட்டளவில் உண்மை. நிலமும் நகையும் அடுத்த கச்சேரியும் யார் கையில் இருந்தன என்று பார்த்தால் மறுப்பின் விலை புரியும்.

இதற்கு எதிரான முதல் பெரிய குரல் 1890-களில் சென்னையில் எழுந்தது. தெலுங்கு நாட்டில் கந்துகூரி வீரேசலிங்கம் தொடங்கிவைத்த சீர்திருத்தப் பேச்சு தமிழ் நாட்டுப் படித்தவர்களிடமும் பரவியது. 1893-இல் சென்னை இந்து சமூகச் சீர்திருத்தச் சங்கம், வைசிராய் லான்ஸ்டவுனுக்கும் சென்னை கவர்னர் வென்லாக்குக்கும் ஒரு விண்ணப்பம் அனுப்பியது. சதிர் நடக்கும் விருந்துகளுக்கு அவர்கள் போகக்கூடாது, தங்களுக்காக அப்படி விருந்து வைக்கவும் விடக்கூடாது என்பது கோரிக்கை. இருவருமே ஏற்கவில்லை. தாம் போன நிகழ்ச்சிகளில் ஒழுக்கக்கேடு எதையும் காணவில்லை, ஆடியவர்கள் நாட்டு வழக்கப்படி தங்கள் தொழிலைச் செய்தார்கள் என்ற பொருளில் வைசிராயின் பதில் வந்தது. மேடைக்கு எதிரே சிறப்பு நாற்காலியில் அமர்ந்தவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்பதில் வியப்பில்லை. பந்தல் காலியான பிறகும் அங்கே இருந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். அவர்களை யாரும் கேட்கவில்லை.

அந்த இயக்கத்தின் கோரிக்கையில் சரியான ஒன்று இருந்தது. அது ஆண்களைப் பார்த்துப் பேசியது: போகாதே, வைக்காதே என்றது. சங்கத்தவர்கள் அப்படி உறுதிமொழியும் எடுத்தார்கள். ஆனால் அவர்கள் சொன்ன காரணத்தில் கோளாறு இருந்தது. ஆடும் பெண்ணால் குடும்பத்து ஆண் கெடுகிறான் என்பதே அவர்களது வாதம். அந்த ஆணால் ஆடும் பெண்ணுக்கு நேர்வது எது என்பது பேச்சிலேயே இல்லை. இந்த ஒரு சாய்வு அடுத்து வந்த எல்லாவற்றிலும் தொடர்ந்தது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அந்தச் சாய்வைத் திருத்த முயன்றார். அவருடைய தாயார் சந்திரம்மாள், தேவதாசிகள் பலர் பிறந்த இசைவேளாளர் மரபில் வந்தவர். ஆகவே அவர் வெளியிலிருந்து பேசவில்லை. 1926-இல் சென்னை சட்டமன்றத்தில் நியமிக்கப்பட்ட அவர், 1927-இல் சிறுமிகளைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கத்துக்கு எதிரான தீர்மானத்தைக் கொண்டுவந்தார். சிறுமிகளின் வாழ்வை அவர்கள் அறியாத வயதில் பிறர் தீர்மானிப்பது கொடுமை என்பதே அவர் வாதத்தின் மையம். 1929-இல் வந்த சட்டம், கோயில் பணிக்கென்று தரப்பட்ட மானிய நிலங்களைப் பணியிலிருந்து விடுவித்து அப்பெண்களுக்கே உரியதாக்க வழிசெய்தது. காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி போன்றோர் எதிர்த்தார்கள். பெங்களூர் நாகரத்தினம்மாள் உள்ளிட்ட தேவதாசிகளும் தங்களைக் கேட்காமல் சட்டம் செய்வதை எதிர்த்து மனு எழுதினார்கள். மறுபக்கம், அதே மரபில் பிறந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகப் போய்ப் பொட்டறுப்புப் பிரசாரம் செய்தார். 1936-இல் வெளிவந்த அவருடைய நாவல் ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’. அதன் பெயரில் தாசிகளுக்குச் சமமாக மைனரும் இடம்பெற்றிருப்பது கவனிக்கத்தக்கது. பணக்கார ஆணை அவர் கதைக்கு வெளியே நிறுத்தவில்லை.

ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் ஆட்சியில் 1947-இல் நிறைவேறிய தேவதாசி ஒழிப்புச் சட்டம் பொட்டுக்கட்டுவதைக் குற்றமாக்கியது. அதற்கு ஆறு மாதம் வரை சிறை, 500 ரூபாய் வரை அபராதம். கோயிலிலும் சாமி ஊர்வலத்திலும் பெண்கள் ஆடுவதையும் அது தடை செய்தது. சிறுமிகளைக் காத்த அளவில் அந்தச் சட்டத்துக்கு ஈடில்லை. ஆனால் வளர்ந்த பெண்ணுக்கு அது வைத்த விலை அதிகம். அவருக்குத் தெரிந்த தொழில் போயிற்று. தொழிலின் பெயரால் அவரைச் சீண்டியவருக்கோ அச்சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை.

கலை மட்டும் இடம் மாறிப் பிழைத்தது. அந்த மாற்றத்தில் திருநெல்வேலிச் சீமைக்கும் பங்கு உண்டு. கல்லிடைக்குறிச்சியில் பிறந்த வழக்கறிஞர் ஈ. கிருஷ்ணையர் 1930-களின் தொடக்கத்தில் சதிருக்காக வாதாடினார். சென்னை மியூசிக் அகாதெமி மேடையில் தேவதாசி மரபுப் பெண்கள் ஆடினார்கள். பின்னர் ‘பரதநாட்டியம்’ என்ற பெயர் நிலைத்தது. சபா அரங்கு என்பது புது ஏற்பாடு. டிக்கெட் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு வருவார்கள். மேடைக்கும் பார்ப்பவருக்கும் இடையே இடைவெளி இருக்கும். ஆடியவர் யார் வீட்டு விருந்தாளிக்கும் தாம்பூலம் நீட்ட வேண்டியதில்லை. இத்தகைய பொது அரங்குகள் சிறு ஊர்களுக்கும் பரவின. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண ஆட்சிக்குத் தலைமை வகித்த பூ.ச. குமாரசாமி ராஜா, ராஜபாளையத்தில் தம் வீட்டையே காந்தி கலைமன்றத்துக்குக் கொடுத்தார். பெண்களும் பிள்ளைகளும் உட்கார்ந்து பார்க்கும் கூடத்தில் ஆடுபவர் பாதுகாப்பாக இருந்தார் என்பது அந்தக் காலத்து அனுபவம் காட்டும் எளிய உண்மை. ஆனால் அந்தக் கூடத்தில் ஏறியவர்கள் பெரும்பாலும் வேறு குடும்பத்துப் பெண்கள். பழைய மரபினர் சிலரே அந்தப் படியேற முடிந்தது.

ஊர்ப் பொட்டலில் நடந்த ஆட்டத்துக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் வரவில்லை. மாரியம்மன் வழிபாட்டில் கரகம் இரண்டு வகை. நேர்த்திக்கடனாக எடுத்துவரும் சக்தி கரகம் ஒன்று, நையாண்டி மேளத்துக்கு ஆடும் ஆட்டக் கரகம் இன்னொன்று. இரண்டாவதுதான் தொழில்முறைப் பெண்களுடையது. பங்குனியில் ஸ்ரீவில்லிபுத்தூர் பெரிய மாரியம்மன் கோயில் பூக்குழி, ஆடியில் இருக்கன்குடி மாரியம்மன் திருவிழா, இடையில் சுற்றுப்பட்டி ஊர்களின் பொங்கல், கொடை என்று இந்த வட்டாரத்தில் திருவிழாக்களுக்குக் குறைவில்லை. சீசனில் இரவுக்கு ஓர் ஊர் என்று கலைஞர்கள் போவார்கள். சில மாதச் சம்பாத்தியத்தில் ஆண்டு முழுவதும் சாப்பிட வேண்டும். 2020, 2021 கொரோனா ஆண்டுகளில் திருவிழா நின்றபோது அந்தச் சில மாதமும் இல்லாமல் போயிற்று.

ஆட்டம் தொடங்கும்போது முன்வரிசையில் பெண்களும் குழந்தைகளும் இருப்பார்கள். அந்த நேரத்தில் அடுக்குக் கரகம், கண்ணால் ஊசி எடுப்பது, ஏணி மேல் ஏறுவது போன்ற வித்தைகள் நடக்கும். நடுநிசி தாண்டியதும் பெண்கள் வீட்டுக்குப் போய்விட, ஆண்கள் மட்டும் மிஞ்சுவார்கள், பலர் குடித்திருப்பார்கள். பபூனின் இரட்டை அர்த்தப் பேச்சும், 2023-இல் தடை வரும்வரை குறவன் குறத்தி வேடமும் அப்போதுதான் வரும். ஊக்கோடு மேடைக்கு வருபவர்களும் அப்போதுதான் கூடுவார்கள். பார்க்கிறவர்கள் கேட்டதால் பாவாடை குட்டையானது. குட்டையானதைக் காட்டி, இவள் இப்படித்தான் என்று அதே பார்க்கிறவர்கள் சொன்னார்கள். சினிமாப் பாட்டு ரிக்கார்டுக்கு ஆடும் ‘ரிக்கார்டு டான்ஸ்’ வந்து, பிறகு அது ‘ஆடல் பாடல்’ என்று பெயர் மாறியபோதும் இந்த ஏற்பாடு மாறவில்லை. ஏஜென்ட் அட்வான்ஸ் வாங்குவார், பெண்கள் வேனில் வந்து இறங்குவார்கள், ஊருக்கு அவர்கள் பெயர்கூடத் தெரியாது.

பாதுகாப்பைப் பெண்களே செய்துகொள்ள வேண்டியிருந்தது. மதுரை வட்டாரத்து ஸ்பெஷல் நாடக நடிகைகளோடு பழகி ஆய்வு செய்த சூசன் சைசர் இதை விரிவாக எழுதியிருக்கிறார். நடிகைகள் இரவுப் பயணத்துக்குத் தனி வண்டி வைத்துக்கொள்வது, துணைக்குச் சொந்தக்காரரைக் கூட்டிப்போவது, போகும் வழியில் நடிகை என்று அடையாளம் தெரியாதபடி நடந்துகொள்வது என அவர் காட்டும் ஏற்பாடுகள் ஒவ்வொன்றும், வேலைக்கு வரவழைத்தவர்கள் செய்திருக்க வேண்டியவை. கரகாட்டச் செட்டுகளில் கணவனோ தம்பியோ தவிலடிப்பது இந்தக் காரணத்துக்கும் சேர்த்துத்தான்.

சட்டத்தின் கண் வேறு பக்கம் இருந்தது. ஆபாச ஆட்டம், பாட்டு என்று, 2024 வரை நடைமுறையில் இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 294-ஆம் பிரிவில் வழக்குப் போட்டபோது மாட்டியவர்கள் ஆடியவரும் நடத்தியவரும். ஆடல் பாடலுக்கு அனுமதி கேட்டு ஒவ்வோர் ஆண்டும் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு மனுக்கள் குவியும். அனுமதியோடு வரும் நிபந்தனைகள் பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கும்: கண்ணியமான உடை, ஆபாச அசைவு கூடாது, இரட்டை அர்த்தப் பாட்டு கூடாது, சாதி, மதம், கட்சி சார்ந்த பாட்டு கூடாது, இத்தனை மணிக்குள் முடிக்க வேண்டும். சண்டை வராமல் தடுக்க இவை தேவைதான். ஆனால் மேடையில் ஏறி ஆடுபவரைத் தொடக்கூடாது என்ற ஒற்றை வரிதான் அந்தப் பெண்களுக்கு மற்ற எல்லாவற்றையும்விட அவசியம். 2023-இல் மதுரைக் கிளையின் உத்தரவை அடுத்துத் தமிழக அரசு குறவன் குறத்தி ஆட்டத்துக்குத் தடை விதித்தது. குறவர் சமூகத்தை இழிவுபடுத்துவதைத் தடுப்பது அதன் நோக்கம், நியாயமான நோக்கம். எனினும் அங்கேயும் மாறியது ஆட்டம்தான், பார்க்க வந்தவரின் நடத்தை அல்ல.

வசதி படைத்தவர்களின் சபையிலும் இதே கதைதான் என்பதற்கு லண்டன் சான்று. 2018 ஜனவரியில் டார்செஸ்டர் ஓட்டலில் பிரசிடென்ட்ஸ் கிளப் நடத்திய ஆண்கள் மட்டும் கலந்துகொண்ட தரும விருந்தில் சுமார் 360 விருந்தாளிகளுக்கு 130 பெண்கள் உபசரிக்க அமர்த்தப்பட்டார்கள். பைனான்சியல் டைம்ஸ் நிருபர் ஒருவர் அவர்களில் ஒருவராகச் சேர்ந்து, பெண்கள் சீண்டப்பட்டதையும் தொடப்பட்டதையும் வெளியிட்டார். பெண்கள் என்ன நிறத்தில் உடுத்த வேண்டும், எப்படிப்பட்ட செருப்புப் போட வேண்டும் என்று விதி இருந்தது. வெளியே பேசக்கூடாது என்று கையெழுத்தும் வாங்கப்பட்டது. முப்பது ஆண்டுக்கு மேல் நடந்துவந்த அந்த விருந்து, செய்தி வந்த மறுநாளே கைவிடப்பட்டது.

இந்தியாவில் நோட்டு வீசும் பழக்கத்தை நேரடியாகத் தொட்டது மும்பை டான்ஸ் பார் வழக்கு. மகாராஷ்டிரம் 2005-இல் கொண்டுவந்த தடை 2013-இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. மாநிலம் புதிதாக இயற்றிய சட்டத்தை 2019 ஜனவரியில் விசாரித்து முடித்த நீதிமன்றம், ஆடும் பெண்களுக்கு டிப்ஸ் கொடுக்கலாம், ஆனால் அவர்கள் மீது பணத்தை வாரி இறைக்கக்கூடாது என்று தீர்ப்பளித்தது. ஒரு பெண்ணின் உழைப்புக்குத் தரும் பணத்தையும் அவர் உடம்பை விலைபேசும் செய்கையையும் பிரித்துப் பார்த்த தீர்ப்பு அது. ஊக்கு குத்தும் வழக்கத்துக்கும் அந்தப் பிரிவினை அப்படியே பொருந்தும்.

தமிழ்நாட்டில் 1998-இல் சென்னைக் கல்லூரி மாணவி சரிகா ஷா இறந்த பிறகு பெண்களைக் கேலி செய்வதற்கு எதிராகத் தனிச் சட்டம் வந்தது. 2002-இல் அது பெண்களுக்கு எதிரான தொல்லைத் தடுப்புச் சட்டம் என்று பெயர் மாற்றப்பட்டது. 2013-இல் வந்த பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம் அமைப்புசாராத் தொழிலாளரையும், வேலையின்பொருட்டுப் போகும் இடத்தையும் கணக்கில் கொள்கிறது. பத்துப் பேருக்குக் குறைவானவர்கள் வேலை செய்யும் இடங்களின் புகார்களுக்காக மாவட்டந்தோறும் ஒரு குழு உண்டு. அந்தச் சட்டத்தின்படி பார்த்தால் கோயில் பொட்டலும் பணியிடம்தான். புகார் கொடுக்க மூன்று மாத அவகாசம் இருக்கிறது. கரகாட்டக்காரியின் கணக்கில் அந்த மூன்று மாதமும் சீசன்: ஒரு நாள் புகார் கொடுக்கப் போனால் ஓர் ஊர்ச் சம்பளம் போகும், பெயர் வெளியே வந்தால் ஏஜென்ட் அடுத்த முறை கூப்பிடமாட்டார், சாட்சி சொல்ல வேண்டியவர்கள் அந்த ஊர் ஆண்கள்.